கவர் உரிக்காத கதவு

தம்பி, அந்தக் கம்பியில் சாயாதீர்கள். ஆடுகிறது பாருங்கள். புது பஸ் என்று சொல்லி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போன மாதம்தான் விட்டார்கள். அதற்குள் ஆடுகிறது. நாலு திருகாணி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டிருக்கிறான். அந்த இரண்டிலும் ஒன்று முழுசாக இறங்கவில்லை, தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் சட்டையை ஒரு தடவை கிழித்துவிட்டது. கண்டக்டரிடம் சொன்னேன். "பாத்து உக்காருங்க சார்" என்றார். திருகாணியை முடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என்னைப் பார்த்து உட்காரச் சொல்லத் தோன்றுகிறது.

திருநெல்வேலிக்கா? நானும் அங்கேதான். கோர்ட்டுக்குப் போகிறேன். தள்ளி உட்கார வேண்டாம், அடிதடிக் கேஸ் இல்லை. கதவுக் கேஸ்.

சிரிக்கிறீர்கள். எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பாத்ரூம் கதவுக்காக ஒரு மனுஷன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறானே என்று. சிரியுங்கள். ஆனால் அந்த ஒரு கதவு என் மகள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டது. பூரணி என்று பெயர். ஒரே மகள். அவளை நானாகப் பார்த்து ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பேனா, இல்லை அவள் பாட்டுக்குப் போய்விடுவாளா என்கிற இடத்தில் வந்து நிற்கிறது விஷயம். காரணம், ஒரு பிளாஸ்டிக் கதவு. நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிறுக்கன் என்று நினைப்பீர்கள். பெயர் சிதம்பரநாதன். ஊர் சங்கரன்கோவில். ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடகு வைக்க வருகிற நகையை உரைகல்லில் உரைத்து, எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு என்று சொல்வதுதான் வேலை. கல்லில் ஒரே ஒரு இழுப்பு போதும் எனக்கு. பளபளவென்று கொண்டுவருவார்கள். இழுத்தால் பல்லை இளிக்கும். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிடுவேன். இந்தக் காலத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை தம்பி.

செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தையலே கிடையாது, எல்லாம் பசை. மழையில் கடைவரைக்கும் போய் வந்தால் வாயைப் பிளக்கிறது. நாற்காலி வாங்கினேன். என் மச்சினன் வந்து உட்கார்ந்தான், உட்கார்ந்த வேகத்திலேயே நாலு காலும் நாலு பக்கம் விரிந்து, ஆடு படுத்த மாதிரி படுத்துவிட்டது. குடைக்கம்பி ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. டீக்கடையில் கொடுக்கிற கப், கையில் வாங்கும்போதே உடம்பை நெளிக்கிறது. வாங்குவது, தூக்கி எறிவது, மறுபடி அதையே வாங்குவது. எனக்குக் குமட்டுகிறது. சாப்பாட்டில் முடி கிடந்தால் தொண்டையில் ஒன்று வருமே, அதே குமட்டல்.

"அப்ப நீங்க நல்ல சாமானாப் பாத்து வாங்க வேண்டியதுதான" என்று என் மனைவி ஆவுடை கேட்பாள். நல்ல சாமான் என்றால் நல்ல விலை சொல்கிறான். எல்லாம் ஒரே லட்சணம்தான் என்று தெரிந்த பிறகு, கூடக் கொடுத்து ஏமாறுவதைவிடக் குறைத்துக் கொடுத்து ஏமாறுவது மேல் அல்லவா? இந்தக் கணக்கு அவளுக்குப் புரியவே புரியாது.

சரி, கதவுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பாத்ரூமில் என் அப்பா போட்ட மரக்கதவு இருந்தது. தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பக்கம் உளுத்துவிட்டது. குருசாமி ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தார். கதவைத் தட்டினார். தடவினார். திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கதவு நல்லாருக்கு சார். அடிச்சட்டம் மட்டும் மாத்துனா உங்க காலத்துக்கும் திரும்பிப் பாக்க வேண்டாம். மரம் அறுத்துக் காயப் போட்டிருக்கேன். தை கழியட்டும், வாரேன்" என்றார்.

தை கழியட்டுமாம். அவர் சொன்னது ஐப்பசியில். பூரணியைப் பெண் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் உளுத்த கதவு படலாமா? "நீரும் உம்ம மரமும் சேந்து காயுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மரம் காய்கிறவரைக்கும் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் பொறுமை இல்லை தம்பி. எல்லாச் சீரழிவுக்கும் அதுதான் காரணம்.

பைபாஸ் ரோட்டில் ஒரு கடை. அங்கே கதவுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத பிளாஸ்டிக் கதவு, மேலே மட்டும் மரம் மாதிரி ரேகை வரைந்திருக்கிறது. இருப்பதிலேயே குறைந்த விலைக் கதவு எது என்று கேட்டேன். கடைக்காரர் காட்டினார். அதிலும் குறைத்தேன். காலையில் சொன்னது, மத்தியானம் வந்து மாட்டிவிட்டார்கள். அதுவரைக்கும் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை.

கதவின் மேல் ஒரு கவர் ஒட்டியிருந்தது. மெல்லிசாக, உள்ளே இருப்பது தெரிகிற கவர். புதுச் சாமான்கள் மேல் ஒட்டி வருமே, அது. அதன் ஓரத்தில் வாரண்டி ஸ்டிக்கர். மாட்ட வந்த ஆள் போகும்போது சொல்லிவிட்டுப் போனான்: "கவர உரிச்சிருங்க சார். வெச்சிருந்தா ஓரத்துல சுருண்டு கதவு பிடிச்சுக்கிடும்."

உரிக்க வேண்டுமாம். உரிப்பதற்கு எதற்காக ஒட்டினான்? எங்கள் வீட்டில் எந்தச் சாமானின் கவரையும் உரிக்கிற வழக்கம் கிடையாது. பிரிட்ஜ் கைப்பிடியில் கவர் மஞ்சளாகிப் போய் இன்னும் இருக்கிறது. டிவி ரிமோட் கவருக்குள்தான் இருக்கிறது. நம்பர் தெரியாது, பழக்கத்தில் அமுக்கிக்கொள்வோம். பூரணி சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, நான் இல்லாத நேரம் பார்த்து நகத்தால் ஓரத்தைச் சுரண்டுவாள். கையில் ஒன்று வைப்பேன். ஒரு சாமானை வாங்கின மாதிரியே வைத்திருப்பதுதான் அதற்கு நாம் கொடுக்கிற மரியாதை. செய்கிறவனுக்கு மரியாதை தெரியாமல் போனாலும் வைத்திருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை கைலாசம், அவனுடைய அத்தை பகவதியம்மாள், சித்தப்பா ஒருத்தர், சித்தி. மானூர்க்காரர்கள். பையனுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாளாம், அத்தைதான் வளர்த்தது. அந்தம்மா வைத்ததுதான் அங்கே சட்டம். தரகர் "பல் ஆஸ்பத்திரி மாப்பிள்ளை" என்று சொல்லியிருந்தார். டாக்டர் என்று நினைத்தேன். உரைத்துப் பார்த்தால், டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், அந்த அளவுக்கு இவன் பல் செட் செய்து கொடுப்பான். அதாவது, பல் செய்கிறவன்.

வந்து உட்கார்ந்ததிலிருந்து அவன் பூரணி வருகிற வாசலைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்தச் செட்டு எங்க கட்டினது?"

"ஒரு பல் முகாம்ல."

"கடிக்கும்போது கீழ்ப்பக்கம் வலிக்குமே?"

"வலிக்கும். பல்லுன்னா வலிக்கத்தான் செய்யும்."

"நான் செஞ்சு தாரேன் மாமா. ஆனா மூணு நாலு தடவ வந்து போட்டுக் காட்டணும். எங்க உரசுதுன்னு பாத்துப் பாத்துத் தேய்க்கணும்."

மூன்று நாலு தடவை! முகாமில் ஒரே தடவையில் வாயில் வைத்து அமுக்கி, "போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வேலை தெரிந்தவனாக இருந்தால் எதற்கு மூன்று நாலு தடவை? அப்போதே இவன் ஆள் எப்படி என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான் பேசும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது அந்த முகாம் செட்தான். கதவுக் கேஸ் முடியட்டும், அந்த முகாம்காரர்களையும் பார்த்துக்கொள்கிறேன்.

கேசரி, பஜ்ஜி கொடுத்தோம். பூரணி வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். பகவதியம்மாள் கைகழுவ வேண்டும் என்றார். பாத்ரூமைக் காட்டினோம். நான் கூடவே போய், "புதுக் கதவு, இன்னும் கவர்கூட உரிக்கல" என்று சொன்னேன். "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆவுடை மதினி, இந்தக் கதவ எப்படித் திறக்கணும்?"

தாழ்ப்பாளை நீக்கி இழுங்கள் என்றோம். நீக்கிவிட்டேன், வரவில்லை என்றார். நாங்கள் தள்ளினோம். அவர் இழுத்தார். ஒரு நூல் நகரவில்லை. கைலாசம் எழுந்து வந்தான். அவன் தள்ளவும் இல்லை, தட்டவும் இல்லை. கீழே குத்தவைத்து உட்கார்ந்து, கதவு ஓரமாகக் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டினான்.

"தாழ்ப்பாள்ல கோளாறு இல்ல மாமா. கவர் சுருண்டு நிலைக்குள்ள ஆப்பு மாதிரி ஏறிக் கிடக்கு. ஒரு மெல்லிசுக் கத்தியும் கொஞ்சம் தேங்காண்ணெயும் குடுங்க. கவரை உரிச்சு எடுத்துட்டாக் கதவு தானா வந்துரும்."

நான் முடியாது என்றேன்.

நீங்களும் அப்படிப் பார்க்கிறீர்களே தம்பி. நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தக் கவரில் வாரண்டி ஸ்டிக்கர் இருக்கிறது. அதைக் கிழித்தால் நாளைக்குக் கடைக்காரன் என்ன சொல்வான்? நீதான் கிழித்தாய் என்பான். அது ஒன்று. இரண்டாவது, அதுதான் முக்கியம். தப்புச் செய்தவன் வந்து சரிசெய்ய வேண்டும். அவன் அரைகுறையாகச் செய்து அனுப்புவான், நாம் எண்ணெய் போட்டு, நூல் கட்டி, அட்டை சொருகிச் சமாளித்துக்கொள்வோம். சமாளித்துச் சமாளித்துத்தானே அவனுக்கு இந்தத் துணிச்சல் வந்தது? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் முடியாது என்று நின்றிருந்தால் நாடு இப்படி ஆகியிருக்குமா? நான் நின்றேன். கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் போன் போட்டேன். "ஆள் சாப்பிடப் போயிருக்கான் சார், வந்ததும் அனுப்புதேன்" என்றார். சரி, வரட்டும் என்றேன்.

அந்தம்மா உள்ளேயிருந்து, "சம்பந்தி, நீங்க சாப்பிடுங்க, பஜ்ஜி ஆறிரும். எனக்கு ஒண்ணு கதவுக்கு அடியில தள்ள முடியுதான்னு பாருங்க" என்றார். இந்த நேரத்தில் கேலி. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படத் தெரியாதவர்கள் தம்பி அவர்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் கடைக்காரன் கண்டதையும் விற்கிறான்.

மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத்தான் முகம் சிவந்தது. "அண்ணாச்சி, உங்களுக்குக் கதவு பெருசா, மனுசி பெருசா?"

"ரெண்டும் இல்ல. நியாயம் பெருசு" என்றேன்.

ஆவுடை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் காபி கொதித்து வழிந்தது. யாரும் போய் இறக்கவில்லை. உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது, பிறகு அதுவும் இல்லை. "அத்த" என்று கைலாசம் கூப்பிட்டான். "இருக்கேன்யா, உக்காந்திருக்கேன்" என்று பதில் வந்தது. கடையிலிருந்து ஆள் வரவில்லை. மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் இன்றைய வியாபாரம்.

அப்போது பூரணி வந்தாள். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ. ஒரு கையில் பழம் நறுக்குகிற கத்தி, இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"அப்பா, தள்ளுங்க."

அவள் அதுவரைக்கும் என்னிடம் அப்படிப் பேசினதில்லை. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். ஊசி குத்துவது குழந்தைக்கே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்பார்கள். அவ்வளவு பதமான பிள்ளை. அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் கொஞ்சம் அசந்த நேரத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தார்கள். அவன் கத்தி முனையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் நுழைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவான். அவள் நகத்தால் கவரின் நுனியை எடுத்து இழுப்பாள். எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கமாக இழுத்தால் கிழியாமல் வரும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"மெதுவா. இழுக்காதீங்க, சும்மா பிடிச்சுக்கிடுங்க."

"பிடிச்சிருக்கேன். நீங்க கீழ வாங்க."

"இங்க தடிமனா சுருண்டிருக்கு."

"அப்ப அத விட்டுட்டு மறுபக்கம் போவோம். கடைசில வருவோம்."

இவ்வளவுதான் பேச்சு. முதல்முதலாகப் பார்த்துக்கொள்கிற பெண்ணும் மாப்பிள்ளையும் பேசுகிற பேச்சா இது? படிப்பென்ன, சம்பளமென்ன, சமைக்கத் தெரியுமா, ஒன்று கிடையாது. கூட வந்திருந்த கல்யாணத் தரகர் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கவர் பாம்புச்சட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே பகவதியம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, முதல் வேலையாகப் பூரணியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகம் ஒன்று ஒடிந்து ரத்தம் வந்திருந்தது.

நான் ஸ்டிக்கரைத் தேடினேன். இரண்டாகக் கிழிந்திருந்தது.

"யார் இதக் கிழிச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இரண்டு துண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் அதோடு விட்டிருந்தால்கூடச் சரியாகப் போயிருக்கும். கேளுங்கள். மறுவாரமே மானூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம், நாள் மட்டும் பாருங்கள் என்று. பூரணியிடம் ஆவுடை கேட்டாளாம். அவளுக்கும் சம்மதம். எனக்கும் மறுப்பு இல்லை. பல் செய்கிறவன் என்றாலும் பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன்.

நான் அதற்குள் வக்கீலைப் பார்த்துக் கேஸ் போட்டாயிற்று. அவர் கேட்டார், "மன உளைச்சல்னு எழுதியிருக்கீங்களே, யாருக்கு உளைச்சல்? உள்ள மாட்டிக்கிட்டவங்க வந்து சொன்னாத்தான் கேஸ் நிக்கும்." நியாயமான கேள்வி. அதனால் நான் சொல்லி அனுப்பினேன். பகவதியம்மாள் கோர்ட்டுக்கு வந்து, அன்றைக்குத் தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, எவ்வளவு அவமானமாக இருந்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் பெண் தருகிறேன். இதில் என்ன தப்பு? சம்பந்தி ஆகப்போகிறவர்கள், இந்த உதவிகூடச் செய்ய மாட்டார்களா?

அந்தம்மா நேரிலேயே வந்துவிட்டார். தனியாக, பஸ் ஏறி. காபியை வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்கிறார், "எனக்கு ஒரு உளைச்சலும் இல்லையே சம்பந்தி."

"அவ்வளவு நேரம் அடைஞ்சு கிடந்தீங்களே?"

"கிடந்தேன். முதல்ல கொஞ்சம் மூச்சு முட்டுச்சு, இல்லங்கல. நீங்க எங்கிட்ட வந்து, அம்மா தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க கடைக்காரங்கிட்டத்தான் பேசிக்கிட்டிருந்தீங்க. அப்புறம் அந்தப் பிள்ளைங்க ரெண்டும் வெளிய உக்காந்து பேசினத கேட்டேன். நீ பிடி, நான் பிடிக்கேன், பையப் பையன்னு. எங்க கைலாசத்துக்கு இனி நான் இல்லாட்டாலும் பயமில்லன்னு நினைச்சேன். அந்த வாளி மேல உக்காந்து சந்தோசமா இருந்தேன். கோர்ட்டுல போய் இதையா சொல்ல?"

பார்த்தீர்களா அந்தம்மா பேச்சை? நடந்தது ஒன்று, சொல்வது ஒன்று. நான் தப்புச் சொல்ல வேண்டுமாம். கதவைச் செய்தது நானா?

"அப்ப பொண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. அதுதான் சொன்னேனே, அவர்களுக்கு அது வராது. "சரி, உங்க கேசு உங்களுக்கு. கல்யாணத்த நாங்க எங்க ஊர்லயே வெச்சுக்கிடுதோம். எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க வந்து தாரை வாத்துக் குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, பூரணியைக் கூப்பிட்டுக் கையைப் பார்த்தார். நகம் வளர்ந்திருந்தது. "ஆங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கதவு எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நன்றாகத்தான் திறக்கிறது, மூடுகிறது. ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. அதுவா தம்பி கேள்வி? திறக்கிறதா என்பது இல்லை, அன்றைக்குத் திறந்ததா என்பதுதான் கேள்வி. கடைக்காரன் பதில் அனுப்பியிருக்கிறான், கவரை உரிக்காதது என் தப்பாம். என் தப்பு. கோர்ட்டில் கேட்கட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அவர்கள் பார்த்த முகூர்த்தமும் எனக்குக் கோர்ட்டில் போட்ட நாளும் ஒன்றாக வந்துவிட்டது. ஆமாம், இன்றைக்குத்தான். இன்றைக்குக் காலையில்தான் முகூர்த்தம்.

நான் பூரணியிடம் சொன்னேன், நாளை மாற்றச் சொல் என்று. தீர்ப்பு வரட்டும், கதவு மேல்தான் தப்பு என்று எழுதிக் கொடுக்கட்டும், அதற்கப்புறம் நானே முன்னால் நின்று ஊர் மெச்ச நடத்தி வைக்கிறேன் என்று. அவள் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கோர்ட்டுல வாய்தா வாங்கிரலாம். முகூர்த்தத்துக்கு வாய்தா உண்டா?"

"ஒரு நாள் தள்ளிப்போனா கடைக்காரன் ஜெயிச்சான்னு ஆயிரும்."

"ஆகட்டும்ப்பா. ஜெயிச்சுட்டுப் போறான்."

"உனக்கு அப்பா வேணுமா, அந்தப் பல் செய்யுதவன் வேணுமா?"

இப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணாக இருந்தாலும் அழும் அல்லவா? அவள் அழவில்லை. மடித்த புடவையை மறுபடி பிரித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, திரும்ப மடித்தாள். "ரெண்டு பேரும் வேணும்னுதான் இத்தன நாள் பொறுத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பெட்டியை மூடிவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் ஆவுடையும் அவளும் மானூருக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஆவுடை என் வேட்டி சட்டையைத் தேய்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பட்டு வேட்டி. கோர்ட்டுக்கு எவனாவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவானா? அதனால்தான் வேட்டி தெரியாமல் மேலே இந்தத் துண்டைப் போர்த்தியிருக்கிறேன்.

பிறகு ஏன் அதையே கட்டினேன் என்கிறீர்களா? இல்லை, வேறு வேட்டி துவைக்கவில்லை. அதனால்தான்.

மானூர் வந்துவிட்டது. மேளம் கேட்கிறதா? அந்த வேப்பமரத்துக்குப் பின்னால்தான் மண்டபம். இந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக்கூட ரெக்கார்டு போட்டுவிடுகிறார்கள் தம்பி, ஒரு பெட்டியை வைத்து, பொத்தானை அமுக்கி... இல்லை. இது ஆள்தான் வாசிக்கிறார். தவில்காரர் நன்றாக வாசிக்கிறார்.

பஸ் நிற்கிறது. அதோ ஏறுகிறாரே, நெற்றியில் சந்தனம், தோளில் ஜரிகைத் துண்டு, அவர்தான் சித்தப்பா. கதவு பெருசா மனுசி பெருசா என்று கேட்டவர். ஆவுடை காலையில் போனில் சொன்னாள், சங்கரன்கோவிலிலிருந்து வருகிற பஸ்ஸையெல்லாம் ஏறிப் பார்க்கச் சொல்லி அந்தம்மா ஆள் நிறுத்தியிருக்கிறார் என்று. தம்பி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள், நான் தெரியாத மாதிரி. அவ்வளவு சாய வேண்டாம். முழுசாக மறைக்க வேண்டாம். லேசாகப் போதும்.

கண்டக்டரிடம் கேட்கிறார். "சங்கரன்கோவில் அண்ணாச்சி ஒருத்தங்க, வயசானவங்க, பொண்ணோட அப்பா." கண்டக்டர், "பாத்துட்டுச் சட்டுனு இறங்குங்க" என்கிறார். முன் சீட்டைப் பார்க்கிறார். பெண்கள் பக்கம் பார்க்கிறார். அங்கே நான் எப்படி இருப்பேன்? நடுவில் வருகிறார். நிற்கிற ஆட்களுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார்...

இறங்கிவிட்டார்.

இறங்கிவிட்டார் தம்பி. விசில் கொடுத்தாயிற்று. பஸ் நகர்கிறது.

பார்த்தீர்களா? இவ்வளவு நேரமாக நான் இதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரு ஆளைத் தேடிக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினால், கடைசி சீட்டு வரைக்கும் வந்து பார்க்க வேண்டாமா? இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் என் தோளைத் தொட்டிருக்கலாம். பாதி பஸ்ஸைப் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறார். ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடிக்க இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை தம்பி. ஒருத்தருக்கும்.